தேய்ந்துபோன ‘ட்ராமா’

ஆசிரியருக்கு வணக்கம்.

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பிடிஎஸ்டி என்ற மனப் பாதிப்பைத் தன் நோய்க் கையேட்டில் சேர்த்தபோது, சாதாரணமாக மனிதருக்கு நேராத பேரதிர்ச்சியைத்தான் ‘ட்ராமா’ (trauma) என்றது. போர், வன்புணர்வு மாதிரி. இன்று வினாத்தாள் கடினமாக இருந்தாலும் ட்ராமாதான். தீங்கு குறித்த சொற்கள் இப்படி அகண்டுகொண்டே போவதை உளவியலாளர் நிக் ஹாஸ்லம் 2016-இல் விளக்கி எழுதினார். சரி, இதில் நன்மையும் உண்டு. கை ஓங்காமலே வதைக்கும் கணவனின் கொடுமைக்குப் பெயர் கிடைத்தது அப்படித்தான்.

2018-இல் வெளியான ஒரு சோதனை இன்னும் சுவையானது. திரையில் நீலமும் ஊதாவுமாகப் புள்ளிகள் வரும். எது நீலம் என்று சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் நீலப் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே போனார்கள். அப்புறம் பார்த்தால், பங்கேற்றவர்கள் முன்பு ஊதா என்று சொன்னவற்றையே நீலம் என்றார்களாம்! முன்கூட்டியே எச்சரித்தும் பலனில்லை. ஒன்று அரிதாகும்போது, அதன் பெயரை மற்றவற்றுக்கும் நீட்டிவிடுகிறோம் போலும்.

விபத்தில் மகனைப் பறிகொடுத்த என் தோழியிடம் மருத்துவர் சொன்ன சொல்லும் ட்ராமாதான். அதைத் தோழி வெளியில் சொன்னபோது, “ஆமாங்க, எனக்கும் ஆபீஸில் தினமும் ட்ராமாதான்” என்று பதில் வந்தது. இப்போது அவர் அந்தச் சொல்லை வாயிலெடுப்பதில்லை.

– ஒரு வாசகர்