ஒரே மாதத்தில் ஐந்து பேர்: சமூக நீதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்கு வணக்கம்.

போன மாதம் மட்டும் என் அம்மாவுக்குத் துணையாக ஐந்து பேர் வந்து போனார்கள். அம்மாவுக்கு 81 வயது. ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார், நான் பெங்களூரில். அவர் படுக்கையில் இல்லை. குளிக்கும்போது கை பிடிக்கவும், நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கவும், கூட உட்கார்ந்து பேசவும் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஏஜென்சிக்கு மாதம் 24,000 ரூபாய், முன்பணம் தனி.

ஐந்தாவது ஆள் வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். அன்றுதான் பார்த்த ஒருவர் முன்னால் புடவையை அவிழ்க்க அம்மாவுக்குக் கூச்சம். குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வேண்டாம்மா, துடைச்சு விட்டா போதும்" என்றார். வாளியில் வெந்நீர் ஆறிப்போனது. குளிக்காமல் காபியைத் தொடாதவர் அவர். குளித்து நாலு நாளாகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஏஜென்சியைக் கேட்டால், "ஆள் கிடைக்கலை, அனுசரிச்சுக்கோங்க" என்கிறார்கள். வந்த பெண்ணுக்குப் பயிற்சி எதுவும் தரவில்லை. அவர் கைக்குப் போவது 13,000. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்கிறார்கள். அம்மாவுக்கு நாளைக் காலையில் ஆள் வேண்டுமே!

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் அமைப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019 மூத்த குடிமக்கள் சட்டத் திருத்த மசோதாவில் எழுதியது நீங்கள்தான். மக்களவை கலைந்தபோது 2024-ல் அது காலாவதியாகிவிட்டது. அதை மறுபடியும் கொண்டுவாருங்கள்.

70 வயது நிறைந்தவர்களுக்கு ஆயுஷ்மான் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு காப்பீடு தருகிறது. நல்லது. ஆனால் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அது உதவும். விழாமல் பிடித்துக்கொள்ளும் கைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. நானாவது எப்படியோ கட்டுகிறேன். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் முதியவருக்கு மாத ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80 வயதானால் 500. அவர்கள் யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வார்கள்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அந்தப் பதிவுச் சட்டத்தைத்தான். பயிற்சி இல்லாதவரை அனுப்பக் கூடாது, நாங்கள் கட்டுவதில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு போகிறது என்று ரசீதில் இருக்க வேண்டும், புகார் செய்தால் அந்த வாரமே கேட்க ஒரு அதிகாரி வேண்டும். தயவுசெய்து அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள்.

திங்கட்கிழமை ஆறாவது ஆள் வருகிறார்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்து அம்மா ஒருவரின் மகள்