எடிட்டிங் சிஸ்டத்தில் ஹார்ட் டிஸ்க்கைத் தூங்கவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் வீடியோ எடிட்டிங் வேலை செய்கிறேன். தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர்ப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை விழா என்று ஷூட் பண்ணியதை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். முகூர்த்த மாதம் ஒன்று முடிந்தால் போதும், "அண்ணாச்சி, டிஸ்க் ஓப்பன் ஆக மாட்டேங்கு, ஃபார்மட் பண்ணவான்னு கேக்கு, என்ன செய்ய?" என்று யாராவது பதறிப்போய் போன் பண்ணுவார்கள். அதன்பிறகு நடக்கும் பேச்சு எல்லாம் எந்தக் கம்பெனி டிஸ்க் மோசம், எந்தக் கம்பெனி நல்லது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பேச்சால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் எத்தனை டிஸ்க் செத்தது என்ற கணக்கை வெளிப்படையாகவே போடுகிறது. 2023-இல் அவர்களுக்கு வந்த கணக்கு ஆண்டுக்கு 1.7 சதவீதம். அதாவது நல்ல கரண்டில், ஆடாமல் அசையாமல் ரேக்கில் உட்கார்ந்திருக்கும் டிஸ்க்கிலேயே நூற்றுக்கு ஒன்றிரண்டு போகும். நம்முடையதோ பைக் பெட்டியில் குலுங்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறது. எந்த டிஸ்க்கும் ஒருநாள் போகத்தான் செய்யும். ஆனால் என்னிடம் வரும் கேஸ்களில் பல, டிஸ்க் தானாகப் போனதல்ல, நம்முடைய சிஸ்டம் அதைப் போக்கடித்தது.

விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கும்போதே, 20 நிமிடம் யாரும் பயன்படுத்தாமல் இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்திவிடு என்றுதான் பெரும்பாலும் செட்டிங் இருக்கும். கரண்டை மிச்சம் பிடிக்க அது சரிதான், கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு. எடிட்டிங்கில் என்ன ஆகிறது என்றால், நாம் தாலி கட்டு சீனுக்குக் கலர் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் இருப்போம், அதற்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் (சுழலாத வேகமான டிஸ்க்) தற்காலிகமாகச் சேர்ந்திருக்கும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கை யாரும் தொடுவதில்லை, அது சுழல்வதை நிறுத்திவிடும். அப்புறம் அடுத்த சீனுக்குப் போய் பிளே அழுத்தினால் சாஃப்ட்வேர் அப்படியே நிற்கும். டிஸ்க் மறுபடி முழு வேகத்துக்கு வரச் சில நொடிகள் ஆகும், நாம் அதற்குள் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்குவோம் அல்லது பவர் பட்டனை அழுத்திப் பிடிப்போம். கெடுவது அங்கேதான்.

இன்னொன்று, நின்ற டிஸ்க் மறுபடி சுழலத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் அது அதிகக் கரண்டு இழுக்கும். தனி அடாப்டர் இல்லாத சின்ன டிஸ்க்குக்கு யுஎஸ்பி போர்ட் கொடுப்பதுதான் சாப்பாடு. பழைய 2.0 போர்ட் என்றால் 500 மில்லி ஆம்பியர், நீல நிற 3.0 போர்ட் என்றால் 900. அதையும் கேபினட்டின் முன்பக்க போர்ட்டில் மெல்லிய வயர் வழியாகக் கொடுத்து, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும், அடாப்டர் இல்லாத ஒரு ஹப்பில் மூன்று டிஸ்க்கைச் சேர்த்துச் செருகினால் எதற்கும் போதாது. சுழல முயன்று, முடியாமல் விழுந்து, மறுபடி முயன்று 'டிக் டிக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதுமே டிஸ்க் செத்தது என்று முடிவுகட்டுகிறார்கள். உள்ளே டேட்டாவைப் படிக்கும் ஹெட் போயிருந்தாலும் அதே சத்தம்தான், உண்மை. அதனால் உடனே கழற்றி, வேறு கேபிள் போட்டு, பின்பக்க போர்ட்டில் நேரடியாக ஒரே ஒரு முறை பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீர்கள், டேட்டா ரெக்கவரிக்காரரிடம் அப்படியே கொடுங்கள். ஃபார்மட் பண்ணவா என்று கேட்டால் எந்தக் காரணத்துக்கும் சரி என்று அழுத்த வேண்டாம்.

செட்டிங்கை மாற்ற ஐந்து நிமிடம் கூட ஆகாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அட்வான்ஸ்டு செட்டிங்கைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்தும் நேரம் இருக்கும், அதை 0 ஆக்கினால் நிறுத்தாது. அதே இடத்தில் சும்மா இருக்கும் யுஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதையும் டிசேபிள் பண்ண வேண்டும். கம்ப்யூட்டர் தானாக ஸ்லீப் போவதையும் 'நெவர்' என்று வைத்துவிடுங்கள், திரை மட்டும் அணையட்டும். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் இருக்கும் டிக்கையும் எடுத்துவிட்டால் நல்லது. மேக் வைத்திருப்பவர்களுக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தூங்க வைக்கும் செட்டிங் எனர்ஜி, பேட்டரி பக்கத்தில் உண்டு. சில டிஸ்க்குகளின் பெட்டிக்குள்ளேயே தூங்கும் டைமர் இருக்கும், அது கம்ப்யூட்டர் சொன்னால் கேட்காது, கம்பெனியின் சாஃப்ட்வேரில்தான் மாற்ற முடியும்.

வேலை முடிந்தால் டிஸ்க்கை முறையாக எஜெக்ட் செய்து கழற்றி வைக்க வேண்டும். விண்டோஸுக்கும் மேக்குக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் பண்ணியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் எழுதும்போது என்ன நடந்தது என்ற குறிப்பு தனியாக இருக்கும், பாதியில் அறுந்தால் கொஞ்சம் சமாளிக்கும். எக்ஸ்ஃபேட்டில் அது கிடையாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை உங்கள் பத்திரிகை முன்கூட்டியே போடுகிறது, ஆனால் அறிவிக்காமல் போகும் கரண்டுக்கு யுபிஎஸ் ஒன்றுதான் வழி.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அதில் ரீஅலகேட்டட் செக்டார் (பழுதாகி ஒதுக்கிய பகுதி), பென்டிங் செக்டார் (படிக்கத் திணறும் பகுதி) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் இருப்பதை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஆன்லைனில் மிகக் குறைந்த விலைக்கு வரும் 16 டிபி எஸ்எஸ்டி பக்கம் போகவே வேண்டாம். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துவிட்டு 16 டிபி என்று காட்டும் போலி அது, காப்பி ஆனதாகவே தெரியும், ஃபைல் இருக்காது.

இவ்வளவு செய்தாலும் ஒரே காப்பி வைத்திருந்தால் ஒரு பயனும் இல்லை. நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் எடுக்கும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி, மூன்று கேமராவும் சேர்த்து மொத்தம் எட்டு மணி நேரம் ஓடினாலே 360 ஜிபி ஆகிவிடும். இடம் போதவில்லை என்று மெமரி கார்டை அழித்துவிட்டு ஒரே டிஸ்க்கை நம்புகிறார்கள். இரண்டாவது காப்பி எடுக்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது, அந்த இரண்டாவது காப்பியும் அதே கடையில் இருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரே அலமாரியில் பத்து காப்பி வைத்திருந்தாலும் அன்றைக்கு ஒன்றுதான்.

கல்யாண வீடியோ போனால் ஒரு குடும்பத்துக்கு நஷ்டம், அதுவே பெரிய துக்கம். ஆனால் எனக்கு ராத்தூக்கம் கெடுவது கொடை வீடியோக்களை நினைத்துத்தான். சுடலைமாடன் கோயில் கொடைகளில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டும், மகுடம் அடித்து ஆடிய கணியான் கூத்தும், இன்று உயிரோடு இல்லாத கலைஞர்களின் குரலும் மினி டிவி (MiniDV) என்ற பழைய கேமரா டேப்பில் எடுக்கப்பட்டு, பிறகு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றப்பட்டு, டேப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு எத்தனையோ ஸ்டூடியோக்களில் ஒற்றைக் காப்பியாகக் கிடக்கிறது. கல்யாணத்தையாவது நாலு சொந்தக்காரர் செல்போனில் எடுத்திருப்பார்கள். அந்தப் பாட்டை மறுபடி யார் பாடுவது? ஒரு மணி நேர டேப் சுமார் 13 ஜிபிதான். ஊர்க் கோயில் நிர்வாகிகள் தங்கள் கொடையை எடுத்த ஸ்டூடியோவைக் கேட்டு ஒரு காப்பி வாங்கி ஊரில் வைத்துக்கொள்ள வேண்டும், டிஸ்க் ஓடுகிற நிலையில் இருக்கும்போதே.

மாவட்டத்தில் இருக்கும் போட்டோ, வீடியோ கலைஞர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரிஜினல் ஃபுட்டேஜ் எத்தனை மாதம் வைத்திருக்கப்படும், எத்தனை காப்பி என்பதை அட்வான்ஸ் வாங்கும் பில்லிலேயே அச்சடிக்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். டிஸ்க்குக்குக் கம்பெனி தரும் வாரண்டி டிஸ்க்குக்கு மட்டும்தான், அதற்குள் இருப்பதற்கு இல்லை என்பதைக் கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் அப்போதே சொல்லிவிடலாம். ஒரு டிஸ்க் அவர்களே வாங்கிக் கொடுத்தால் ஒரிஜினல் முழுவதையும் அதில் போட்டுக் கொடுக்க எந்த ஸ்டூடியோவும் தயங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வீடியோ எடிட்டர்,
பாளையங்கோட்டை