வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கான நிதியுதவியைப் புறப்படும் முன்பே வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வெளிநாட்டுக் கல்வி மற்றும் பணிப்பயிற்சி ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரியும் பேராசிரியர்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை.

பொருள்: வெளிநாட்டில் படிக்கவும் பணிப்பயிற்சி பெறவும் தேர்வாகும் பல்கலைக்கழக மாணவர்களுக்கான அரசு நிதியுதவி – திரும்பி வந்தபின் ஈடுசெய்யும் முறையை மாற்றிப் புறப்படும் முன்பே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த கல்வியாண்டில் ஒரு பிற்பகல் எங்கள் துறை மாணவி ஒருவர் என் அறைக்கு வந்தார். கையில் இரண்டு கடிதங்கள் வைத்திருந்தார். ஒன்று, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அவரை மூன்று மாதப் பணிப்பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. மற்றொன்று, அவருக்கு நிதியுதவி ஒப்புதலாகிவிட்டது என்று தெரிவிக்கும் ஆணை. வாழ்த்துச் சொல்ல நான் எழுந்தேன். அவரோ, "ஐயா, என்னால் வர இயலவில்லை என்பதை அவர்கள் மனம் கோணாதபடி எப்படி எழுத வேண்டும்?" என்று கேட்டார்.

ஆணையின் இரண்டாம் பக்கத்தில் காரணம் இருந்தது. பயிற்சியை முடித்துத் திரும்பிய பிறகு, பயணச்சீட்டு, தங்குமிட ரசீது, காப்பீட்டு ரசீது, பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்படிகளை ஒப்படைத்தால், சரிபார்ப்புக்குப் பின் தொகை அவருடைய வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும் என்றிருந்தது. அதுவரை ஆகும் செலவு முழுவதையும் அவரே போட வேண்டும். வருமானச் சான்றிதழைப் பார்த்து, உதவி இல்லாமல் இந்தப் பெண்ணால் போக முடியாது என்று முடிவு செய்ததும் அதே ஆணைதான்.

அந்த மறுப்புக் கடிதத்தில் இரண்டு சொற்களை நான் திருத்திக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். காத்திருப்போர் பட்டியலில் அவருக்கு அடுத்து இருந்தவர் வசதியான வீட்டுப் பிள்ளை. அந்த இடம் அவருக்குப் போனது. அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றாகவே படிக்கும் மாணவர். ஆனால் அரசு ஒதுக்கிய உதவி, யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அவருக்குப் பயன்படாமல் கோப்பிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். இப்படி விலகியதில் அந்த மாணவி முதல் ஆளும் இல்லை. தொகை போதவில்லை என்று விலகியவர்களைவிட, தொகை கைக்கு வரும் நாள் ஒத்துவராமல் விலகியவர்களே எங்கள் துறையில் அதிகம். இந்த மனு அதைப் பற்றியது.

வெளிநாட்டுப் படிப்பில் செலவுகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதைத் தாங்கள் சற்றுக் கவனிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கைக் கடிதம் வந்த மறுநாளே செலவு தொடங்கிவிடுகிறது. கடவுச்சீட்டு, விசாக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, சில நாடுகளுக்குத் தடுப்பூசி, காப்பீடு, சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு. பெரும்பாலும் விசாவை மறுத்தாலும் கட்டிய விசாக் கட்டணம் திரும்பக் கிடைப்பதில்லை. பிறகு விமானச் சீட்டு. நாள் தள்ளத் தள்ள அதன் விலை பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். போய் இறங்கியதும் அறைக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும் வேண்டும். பயிற்சி தரும் நிறுவனம் ஊக்கத்தொகை தந்தாலும் பொதுவாக அது முதல் மாதம் முடிந்த பிறகே வரும். ஆக, பெருந்தொகை தேவைப்படுவது புறப்படுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களிலும் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலும்தான். நமது திட்டம் அந்த மூன்று மாதங்களிலும் ஒன்றும் தருவதில்லை.

இவற்றைவிடப் பெரிய தடை, பணம் இருப்பதாகக் காட்ட வேண்டிய கட்டாயம். பிரிட்டனுக்கான மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைத் தொடர்ந்து 28 நாள்கள் வங்கிக் கணக்கில் வைத்திருந்ததாக நிரூபிக்க வேண்டும். ஜெர்மனி, முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில், அதாவது மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டுமே பணம் எடுக்க விடும் வங்கிக் கணக்கில், ஓராண்டுச் செலவைப் போட்டுவைக்கச் சொல்கிறது. 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. இல்லாத குடும்பங்கள் இதற்கு என்ன செய்கின்றன என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கணக்கில் சில வாரங்கள் காட்டுவதற்கு மட்டும் வட்டிக்கு வாங்குகிறார்கள். பணம் கணக்குக்கு வருகிறது, தூதரகம் பார்க்கிறது, பணம் திரும்பிப் போகிறது, வட்டி மட்டும் குடும்பத்தின் தலையில் நிற்கிறது. இத்தனைக்கும் பிரிட்டன், அரசு தரும் நிதிப்பொறுப்புக் கடிதத்தையே போதிய சான்றாக ஏற்கிறது. ஜெர்மனியிலும் ஏற்கப்பட்ட உதவித்தொகைக்கான சான்று, முடக்கப்பட்ட கணக்குக்கு மாற்றாகிறது. நமது ஒப்புதல் ஆணையோ, "பயிற்சி முடிந்தபின், ரசீதுகளின் அடிப்படையில், நிதி இருப்புக்கு உட்பட்டு" என்று எழுதப்பட்டிருப்பதால் எந்தத் தூதரகமும் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. மாதத்துக்கு இவ்வளவு, இந்த நாள் முதல் இந்த நாள் வரை, பொறுப்பு அரசுடையது என்று தெளிவாக எழுதிய ஒரு பக்கக் கடிதம் போதும். இதற்கென்று அரசு கூடுதலாக ஒரு காசும் செலவிட வேண்டியதில்லை. என் கோரிக்கைகளில் நாளையே நிறைவேற்றக் கூடியது இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

முன்கூட்டியே பணம் கொடுப்பது புதிய யோசனை அன்று. 1987இல் 11 நாடுகளுக்கிடையே தொடங்கிய ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ், முதல் ஆண்டில் மூவாயிரத்துச் சொச்சம் மாணவர்களை அனுப்பியது. இன்று எராஸ்மஸ் பிளஸ் என்ற பெயரில் படிப்புக்கும் பணிப்பயிற்சிக்கும் சேர்த்தே உதவுகிறது. அதன் நிதி ஒப்பந்த மாதிரியில் தொகைக்கு முன்பாகவே நாள் கணக்கு இருக்கிறது: இருதரப்பும் கையெழுத்திட்ட 30 நாள்களுக்குள், பயண காலம் தொடங்குவதற்கு முன்பாக அல்லது போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்ததும், முன்பணம் தரப்பட வேண்டும். மீதத்தை மட்டும் பிடித்துவைத்து, பயணம் முடிந்து மாணவர் அறிக்கை அளித்தபின் கொடுக்கிறார்கள். கணக்குக் கேட்கும் உரிமை அரசிடமே இருக்கிறது, மாணவரும் கடன்காரர் ஆவதில்லை.

ஜெர்மனியில் மாணவர்களுக்கான அரசு உதவியில் வெளிநாட்டுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கும்படி சொல்கிறார்கள். போக்குவரத்துக்கு ஒரு வழிக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை, ஐரோப்பாவுக்குள் 250 யூரோ, வெளியே 500 யூரோ. பயணச்சீட்டின் கிழிந்த துண்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. உள்நாட்டில் படிக்கும்போது உதவி பெறும் தகுதி கிடைக்காத மாணவருக்கும் வெளிநாட்டுச் செலவு கூடுதல் என்பதால் அங்கே தகுதி கிடைக்கலாம் என்று அந்தச் சட்டம் கருதுவது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. வெளிநாட்டில் படிக்கச் செல்வோருக்கு அமெரிக்கா தரும் கில்மன் உதவித்தொகை, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக உருவானது. உள்நாட்டில் ஏற்கெனவே ஏழை மாணவர்களுக்கான பெல் மானியம் பெறுவோருக்கே அது உரியது. ஒருமுறை சரிபார்த்த வருமானத்தை மறுபடியும் நிரூபிக்கச் சொல்வதில்லை. நம் மாணவர்கள் கல்விக்கட்டணச் சலுகைக்கு ஒரு தடவை, விடுதிக்கு ஒரு தடவை, வெளிநாட்டு உதவிக்கு இன்னொரு தடவை என்று அதே சான்றிதழுக்காக அதே அலுவலகத்தில் நிற்கிறார்கள்.

காலம் தவறிய உதவியால் என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மாணவர்கள் வெளிநாடு சென்று படிக்கவும் பயிற்சி பெறவும் நிதி தரும் டூரிங் திட்டத்தைப் பிரிட்டன் 2021இல் தொடங்கியபோது, பின்தங்கிய மாணவர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா, காப்பீட்டுச் செலவுகளையும் தருவதாக ஏற்பாடு செய்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் நிதி உறுதியாவது தாமதமாகி, யாருக்காக அந்த ஏற்பாடோ அவர்களில் சிலரே கடைசி நேரத்தில் விலக நேர்ந்தது என்று முதல் ஆண்டைப் பற்றி அந்த அரசே செய்வித்த மதிப்பீடு சொல்லியது. விதி நன்றாக எழுதப்பட்டிருந்தும் நாள்காட்டி அதைத் தோற்கடித்துவிட்டது.

பணிப்பயிற்சி பற்றித் தனியே சொல்ல வேண்டும். நமது விதிகள் பருவம் முழுவதும் வகுப்பில் உட்காரும் மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆய்வுக்கூடத்திலோ மருத்துவமனையிலோ பொறியியல் நிறுவனத்திலோ இரண்டு, மூன்று மாதம் வேலை கற்கப் போகிறவருக்கு அவற்றில் இடம் குறைவு. "பயிற்சி நிறுவனம் ஊதியம் தரும்" என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கலாம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைச் செயலகத்தில் பணிப்பயிற்சி பெறுவோருக்கு ஊதியம் கிடையாது. பயணம், விசா, தங்குமிடம், காப்பீடு எல்லாம் அவரவர் பொறுப்பு. 2015இல் ஜெனீவாவில் அப்படிப்பட்ட பயிற்சியாளர் ஒருவர் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. உலக சுகாதார நிறுவனம் பின்னர் விழித்துக்கொண்டு 2020 முதல் ஊக்கத்தொகை வழங்க ஏற்பாடு செய்தது. ஊதியமற்ற பயிற்சிக்குப் போகிறவருக்கு உதவி கூடுதலாக வேண்டும். நம்மிடம் அவர் விண்ணப்பிக்கவே தகுதியற்றவர். எராஸ்மஸ் பிளஸ் பணிப்பயிற்சிக்கு இரண்டு மாதம் என்ற குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது. பட்டம் பெற்ற ஓராண்டுக்குள் பயிற்சி பெறவும் அனுமதிக்கிறது. நமக்கும் அந்த அளவே பொருந்தும் என்பது என் கருத்து.

முன்பணம் வாங்கிய மாணவர் போகாமலே இருந்துவிட்டால், அல்லது பாதியில் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை தங்கள் துறைக்கு இருக்கும். தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தாங்கள். அந்தக் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதற்கு வழி இருக்கிறது. விசா கிடைத்ததும் பயணச்சீட்டுத் தொகை, போய்ச் சேர்ந்ததை அங்குள்ள பல்கலைக்கழகமோ நிறுவனமோ ஒரு மின்னஞ்சலில் உறுதி செய்ததும் மாதச் செலவு, முடிவில் அறிக்கைக்குப் பின் ஐந்தில் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்தால், ஒரு கட்டத்தில் தவறினாலும் அடுத்த கட்டத் தொகை அரசிடமே இருக்கும். விசா மறுக்கப்பட்டால், அதுவரை ஆன விசாக் கட்டணத்தையும் மருத்துவப் பரிசோதனைச் செலவையும் மாணவரிடம் திருப்பிக் கேட்கக் கூடாது. மறுத்தது அவருடைய குற்றம் அன்று.

முன்பணமே தராத தற்போதைய முறையிலும் காப்பு ஏற்பாடாகச் சொத்துள்ள இருவரின் ஜாமீன் கேட்கப்படுகிறது. ஐயா, ஏழை வீட்டு மாணவரின் உறவில் சொத்துள்ள இருவர் இருந்திருந்தால் அவர் நம்மிடம் வந்திருக்கவே மாட்டார். அப்படி இருவரைத் தேடி அலைந்த ஒரு மாணவர், கடைசியில் தந்தையின் முதலாளியிடம் போய்க் கையெழுத்துக் கேட்டார். கையெழுத்து கிடைத்தது. அந்த நாள் முதல் தந்தை சம்பள உயர்வு கேட்க வாய் திறக்கவில்லை என்று அந்தப் பையன் என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜாமீனுக்குப் பதிலாகப் பல்கலைக்கழகமே பொறுப்புக் கடிதம் தரட்டும். எங்கள் துறை மாணவர்களுக்காக அந்தக் கடிதத்தில் கையொப்பமிட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். உதவித்தொகை உள்நாட்டுப் பணத்தில் நிர்ணயிக்கப்படுகிறது. செலவோ வேறு பணத்தில் ஆகிறது. ஒப்புதலுக்கும் பட்டுவாடாவுக்கும் இடையே நாணய மாற்று விகிதம் சரிந்தால் அந்த இழப்பு மாணவருடையது. மாதச் செலவை மட்டுமாவது செல்லும் நாட்டின் பணத்தில் நிர்ணயிக்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் ஒரே தொகை என்பதும் பொருந்தாது. எராஸ்மஸ் பிளஸ், வாழ்க்கைச் செலவைப் பொறுத்து நாடுகளை மூன்று பிரிவுகளாக்கித் தொகையை வகுத்திருக்கிறது.

அடுத்த ஆண்டுக்கான விண்ணப்ப அறிவிக்கை வெளியாகும் முன்பே இந்த மாற்றங்களுக்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு வேண்டுகிறேன். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாது என்றால், தூதரகத்துக்கான நிதிப்பொறுப்புக் கடிதத்தையும் பயணச்சீட்டுக்கான முன்பணத்தையும் முதலில் தொடங்கலாம். எங்கள் துறையில் இந்த ஆண்டு தேர்வாகியிருப்பவர்களில் நால்வர் இப்போதே பணத்துக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் இருவர், சேர்வதா இல்லையா என்பதை அடுத்த மாத இறுதிக்குள் தெரிவித்தாக வேண்டும். அவர்களுடைய கோப்புகளையாவது தனி நேர்வாகக் கருதி முன்பணம் அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் குறிப்பிடும் நாளில் நேரில் வந்து, விலகிய மாணவர்களின் கோப்புகளுடன் விளக்கமளிக்கத் தயாராக இருக்கிறேன். நான் திருத்திக் கொடுத்த அந்த மறுப்புக் கடிதத்தின் நகலை, மாணவியின் ஒப்புதலுடன், பெயரை மறைத்து இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒருங்கிணைப்பாளர்.

இணைப்பு: மறுப்புக் கடிதத்தின் நகல் – 1, நிதியுதவி ஒப்புதல் ஆணையின் நகல் – 1.