முடிவது 615, 616 அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் சதுரங்கக் கதை போட்டிருந்தீர்கள். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கேட்டு ராஜாவைக் கவிழ்த்த கதை. கதையில் குறை இல்லை. மொத்தம் என்று கடைசியில் போட்ட எண்தான் 616 என்று முடிகிறது. சரியான தொகை 1,84,46,74,40,73,70,95,51,615.

ஒரு நெல்லுக்கு ஒரு கடிதமா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நான் கடலூர் முதுநகரில் அரிசி மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவன், மூட்டைக்கு நூறு கிராம் முன்னே பின்னே இருந்தால் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. ஆயிரம் நெல் 20 கிராம் என்று வைத்தால் இந்தக் குவியல் 36,000 கோடி டன்னைத் தாண்டும், உலகம் முழுக்க வருஷத்துக்கு 80 கோடி டன் நெல் விளைகிறது என்று போட்டாலும் சேர்த்து முடிக்க 460 வருஷம் ஆகும், அதில் ஒரு மணி கூடினால் எந்தத் தராசுக்குத் தெரியும்? எடையில் தெரியாது, சரி. வகுத்துப் பாருங்கள், தெரியும்.

உங்கள் எண் 64 இரண்டுகளைப் பெருக்கி வந்தது. அதற்குள் 2-ஐத் தவிர வேறு பகா எண்ணே கிடையாது. ஒரு நெல்லை எடுத்துவிடுங்கள், 2 வெளியே போய் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்று ஏழு பகா எண்கள் உள்ளே வந்து உட்காரும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. ஏழையும் பெருக்கிப் பாருங்கள், ஆனால் செல்போன் கால்குலேட்டரில் வேண்டாம், அது எண்ணின் வாலை விழுங்கிவிடும். நான் நோட்டில் போட்டேன், ஒரு சாயங்காலம் போயிற்று.

641 வந்த கதைதான் எனக்குப் பிடித்தது. 17-ல் ஒன்று போனால் 16, பதினாறு பதினாறு 256, ஒன்று கூட்டினால் 257. 3-லிருந்து இப்படியே போனால் 5, 17, 257, 65537, அப்புறம் 4,29,49,67,297. இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண் என்று ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் நம்பினார் (புதுச்சேரி வாசகர்கள் கோபிக்க வேண்டாம்). கால்குலேட்டர் எல்லாம் இல்லாத 1732-ல் ஆய்லர் என்ற கணித மேதை அந்தக் கடைசி எண்ணை 641, 6700417 என்று இரண்டாக உடைத்துவிட்டார். அந்த இரண்டு துண்டும் நம் நெல் குவியலில்தான் கிடக்கின்றன.

இன்னொன்று. 64 பிட் கணினி என்கிறார்களே (ஒரு பிட் என்றால் 0 அல்லது 1 எழுதுகிற ஓர் இடம்), கழித்தல் குறி இல்லாமல் 64 பிட்டில் அடங்குகிற மிகப்பெரிய முழு எண்ணும் 615 என்று முடிகிற இதே தொகைதான். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் அங்கே பூஜ்யம் வந்துவிடும். உங்கள் எண்ணை அந்த 64 பிட்டில் எழுதியிருந்தால் ராஜா ஒரு நெல்கூடக் கொடுத்திருக்க வேண்டாம்!

அடுத்த ஞாயிறு திருத்தம் போடும்போது, 1, 2, 4 கூட்டினால் 7, அடுத்த கட்டத்தில் 8, எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் இந்த ஒன்று குறையும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கே தப்பு நடந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
கடலூர் முதுநகர்