பேன் சொல்லும் சாட்சி

ஆசிரியருக்கு,

மனிதன் உடை உடுத்தத் தொடங்கியதும் உடல் ரோமம் தேவையற்று உதிர்ந்துபோனது என்று ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. வரிசை தலைகீழாக இருக்கிறது. துணி மடிப்பில் முட்டையிடும் சீலைப்பேன், தலைப்பேனிலிருந்து பிரிந்தது சுமார் 1,70,000 ஆண்டுகளுக்கு முன் என்கிறது 2011இல் வெளியான மரபணுக் கணக்கு. துணி இல்லாமல் சீலைப்பேன் இல்லை. எனவே உடையின் வயதும் ஏறக்குறைய அதுவே. நம் தோலைக் கறுக்கவைத்த மரபணு மாற்றமோ குறைந்தது 12 லட்சம் ஆண்டு பழையது (2004ஆம் ஆண்டு ஆய்வு). ரோமம் மறைத்த தோலுக்குக் கறுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆக, பத்து லட்சம் ஆண்டுகள் ரோமமும் இல்லாமல் துணியும் இல்லாமல் திரிந்திருக்கிறோம்.

'உதிர்ந்தது' என்பதும் சரியல்ல. முன்னங்கையை லென்ஸில் பாருங்கள். மயிர்க்கால்கள் அப்படியே இருக்கின்றன, உடல் முழுக்க சுமார் 50 லட்சம். முடிதான் குட்டையாகி, மெலிந்து, நிறமிழந்துவிட்டது. குளிரில் புல்லரிக்கும்போது மயிர்க்கால் தசை இன்றும் இழுக்கிறது. சிலிர்த்து நிற்கத்தான் ரோமம் போதவில்லை.

காரணம் வியர்வை என்பதே என் கட்சி. ஒரு லிட்டர் வியர்வை தோலில் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் போகும். சும்மா உட்கார்ந்திருப்பவர் ஆறேழு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் அது. சொட்டி விழுந்தால் பயனில்லை. அடர்ந்த ரோமம் நனைந்தால் ஆவியாதல் ரோம நுனியில் நடக்கும். தோலின் வெப்பம் அவ்வளவாகக் குறையாது. குளிர்நாடுகளில் வேலைக்குதிரைகளின் ரோமத்தைக் கத்தரிப்பதும் வியர்வை சீக்கிரம் காயத்தான்.

வெற்றுத்தோல் வெயிலை அதிகம் வாங்குமே என்பது நியாயமான கேள்வி. நிமிர்ந்து நடப்பவனுக்கு உச்சி வெயில் விழுவது தலையிலும் தோளிலும்தான் என்று 1984இல் ஆய்வாளர் பீட்டர் வீலர் பதில் சொன்னார். தலைமுடி மிஞ்சியதும் அதனால்தான். சூடேற்றிய பொம்மைத் தலைக்கு விதவிதமான விக் மாட்டி, விளக்கு வெயிலில் வைத்து 2023இல் அளந்தார்கள். இறுகச் சுருண்ட முடியே வெப்பத்தை மிகக் குறைவாக உள்ளே விட்டது.

ஒட்டுண்ணியிடமிருந்து தப்பவே ரோமம் குறைந்தது என்ற 2003ஆம் ஆண்டு வாதம் துணைக்காரணமாக இருக்கலாம். ஆனால் அக்குளிலும் அடிவயிற்றின் கீழும் முடி ஏன் மிஞ்சியது என்பதற்கு அதில் தெளிவான விடை இல்லை. நீரில் வாழ்ந்ததால் என்று 1960இல் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி சொன்னதைக் கட்டுரையாளர் ஆர்வமாக எடுத்தாண்டிருக்கிறார். நாள்தோறும் தண்ணீரில் கிடக்கும் நீர்நாய்க்கு ரோமம் அடர்ந்தே இருக்கிறது.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர், தஞ்சாவூர்