புதிய குருவானவர் வந்த பிறகு

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. நம் சபைகள் அடங்கிய சேகரத்துக்கு ஒரு பெண் குருவானவராக வந்திருப்பது உன்னை எவ்வளவு வருத்தியிருக்கிறது என்பது அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. நம் பிதாக்கள் வைத்த ஒழுங்கு மாறிவிட்டதே என்று எழுதியிருந்தாய். அந்த ஒழுங்கைப் பற்றித்தான் உன்னிடம் மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

நம் பிதாக்கள் செய்தது என்ன? நம்முடைய பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை என்று 1919-இல் தரங்கம்பாடியில் கூடி அறிக்கை வெளியிட்டார்கள். அதில் முன்னின்றவர் நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர். பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் பெறாத மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் சபை ஊழியர்களைக் குருமார் என்று, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபை ஏற்குமா என்ற கேள்வியிலேயே, இந்தச் சபைகளை ஒன்றாக இணைக்கும் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசியில் மறுபடி பட்டம் கொடுக்காமலே அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். நாடு விடுதலை பெற்று 43 நாள் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இந்தச் சபைகள் இணைந்து நம் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, அதற்காக உழைத்த அசரியா உயிரோடு இல்லை. தாங்கள் வளர்ந்த மரபில் உயிராக மதித்த ஒன்றை அவர்கள் விட்டுக்கொடுத்திராவிட்டால், இன்று நீ காக்க நினைக்கும் சபையே இருந்திராது.

ஆந்திராவிலுள்ள நந்தியாலையும் நினைத்துப் பார். அங்கிருந்த ஆங்கிலிக்கன் சபையாரில் பலர் பழைய உறவை விட மனமின்றி இணைப்புக்கு வெளியிலேயே நின்றார்கள்; 1975-இல்தான் அவர்கள் நம்மோடு வந்து சேர்ந்தார்கள். அதே நந்தியாலில்தான் 2013-இல் புஷ்பா லலிதா நம் திருச்சபையின் முதல் பெண் பேராயராக அபிஷேகம் பெற்றார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சென்ற மாத நற்கருணை ஆராதனைக்கு, எழுந்து போய்ப் புதிய குருவானவர் கையால் அப்பம் வாங்கக் கூடாது என்ற முடிவோடுதான் நானும் வந்திருந்தேன். முன்வரிசையில், சபையில் வேதம் போதித்து வந்த நம் பழைய உபதேசியார் இருந்தார். தொண்ணூறு தாண்டிவிட்டது, பீடத்தின் முன்னுள்ள கிராதி வரை நடக்க முடியாது. குருவானவர் அம்மா அப்பத்தை எடுத்துக்கொண்டு அவரிடமே இறங்கி வந்தார்கள். அவருடைய கைகள் நடுங்கியதால், அப்பம் விழாதபடி தங்கள் இடது கையை அவற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, அவர் உண்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றார்கள். எதிர்ப்பைக் கிளப்புவார் என்று எல்லாரும் நினைத்திருந்த அந்த மனிதர், ஆலயம் முழுதும் கேட்கும்படி "ஆமென்" என்றார். அதன்பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் சாதி அப்படியே இருக்கிறது. அதையும் முன்னோர் வழக்கம் என்று சொல்லிக் காப்பவர்கள் நம்மிடையே உண்டு. சேகரக் கமிட்டியில் அம்மா இதை எடுத்தபோது பாதிப் பேர் தலைகுனிந்திருந்தார்கள். பேச வேண்டிய நானும் பேசவில்லை என்பது இன்னும் என்னை உறுத்துகிறது. அடுத்த கூட்டத்தில் பேசுவேன்.

அடுத்த மாதம் சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனம். உபதேசியார் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முந்தின நாளே வந்துவிடு. காய் நறுக்க ஆள் போதவில்லை.

உன் அன்பு நண்பன்