சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், போசகர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாக சபை ஒன்பது தடவை கூடியது. பொங்கல் விழா, வாசிகசாலைக் கூரைத் திருத்தம், வாய்க்கால் சிரமதானம் ஆகியன நடந்தேறின.

அநுராதபுர மாவட்டத்தில், பழைய பௌத்த மடத்தின் கல் இடிபாடுகள் உள்ள ரிட்டிகல மலைக்கு ஆவணியில் போன நடைப்பயணம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "கல்லுப் பாக்கவோ காசு கட்டுறது?" என்று சிலர் முன்கூட்டியே கேட்டார்கள். எங்கள் வயலுக்குக் கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர். அந்தக் குளத்துக்குத் தேக்கம் அணையில் மறித்த அருவியாற்றுத் தண்ணீர். சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அந்த ஆறு ரிட்டிகல மலைப்பக்கம் ஊற்றெடுத்து 164 கிலோமீற்றர் ஓடி வருகிறது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாது என்று ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் சண்டைபிடிக்கும் நாங்கள், ஒருமுறையாவது அந்த மலையைப் போய்ப் பார்க்க வேண்டாமா?

விடிய 3 மணிக்குப் புறப்பட்டு மதவாச்சி, மரதங்கடவல வழியாகப் போனோம். பண்டைய பிக்குகள் கல் பாவிய பாதை காட்டுக்குள் ஏறுகிறது. ஓரிடத்தில் பாறைகள் குவிந்த பள்ள ஓடை. அதற்கு மேல் நீளக் கற்பலகைகளால் ஒரு பாலம். ஓடை வறண்டு கிடந்தது. எங்களோடு வந்த ஆச்சி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, பாறை இடுக்கில் இருந்த சருகைக் கையால் வழித்தார். கீழே மணல் ஈரம். "ஆவணியிலயும் ஈரம் கிடக்குது பார் தம்பி" என்றவர், மணலில் வைத்த கையை எடுக்காமல் கனநேரம் குந்தியிருந்தார்.

766 மீற்றர் உயர உச்சியில் முகில் தங்குவதால், கீழே காடு காய்ந்தாலும் மேலே குளிர்ச்சி இருக்கும். அங்கே ஏறவிடவில்லை என்று திரும்பி வந்தவர்களில் சிலர் குறைப்பட்டார்கள். 1941 முதல் அது கடுமையாகப் பாதுகாக்கப்படும் இயற்கை ஒதுக்கம். இதை அறிவித்தலிலேயே எழுதியிருந்தேன்.

பெயர் தந்தவர்கள் 45 பேர். பஸ்சில் ஏறியவர்கள் 22 பேர். வாடகையோ முழு பஸ்சுக்கும் கட்ட வேண்டியிருந்தது. சிலருடைய வீட்டு வாசலில் பஸ்சை நிறுத்தி ஹோர்ன் அடித்தும் விளக்கு எரியவில்லை. குறைந்த காசை நானும் பொருளாளரும் கையிலிருந்து போட்டோம். அதைவிட, அங்கத்தவர்களில் அரைவாசிக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தாவே கட்டவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சிறு தொகை கையிருப்பில் உண்டு. சோற்றுப்பொதி கட்டித் தந்த மாதர் சங்கத்துக்கும், கிராம அலுவலருக்கும், சாரதிக்கும் நன்றி.

ஓடையில் தண்ணீர் ஓடும்போது பார்க்க, பொங்கல் கழிந்த கையோடு, அறுவடை தொடங்க முன் திரும்பவும் போக எண்ணியுள்ளோம். ஆச்சி இப்போதே காசு கட்டிவிட்டார். பற்றுச்சீட்டுப் புத்தகம் கூட்டம் முடியும்வரை என் மேசையில் இருக்கும்.

செயலாளர்